சூரத்திலிருந்து ஒருவர்

“பீரோ சாவி இன்னுமா கெடைக்கலீங்க?”

வளவன் மறுபடியும் கேட்டான். லேப்டாப்பைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், திரும்பவும் லேப்டாப்பைப் பார்த்தான். நாற்காலியில் அவனால் உட்காரவே முடியவில்லை.

“தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி” என்றாள் விஜயகுமாரி, சமையலறையிலிருந்து. தேடுகிற சத்தம் எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி ஆற்றுகிற சத்தம்தான் வந்தது.

அவள் கணவர் இசக்கிமுத்து சுரங்கத்தில் பர்மனென்ட் ஆள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், திங்கட்கிழமை ஆபரேஷன். நெட்டில் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் போட்டுத் தரச் சொல்லி, மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வளவனை அவளேதான் தேடி வந்தாள்.

“பர்மனென்ட் ஆளுக்கு ஆஸ்பத்திரி செலவ கம்பெனியே கட்டுமேங்க?” என்று அன்றைக்கே கேட்டான்.

“எல்லாத்தையும் கட்டுமா தம்பி?” என்று திருப்பிக் கேட்டாள். அவன் பக்கத்தைப் போட உட்கார்ந்தான்.

பக்கம் தயார். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில் அனுப்பச் சொன்னாள், அனுப்பினான். யார் எந்த ஊரிலிருந்து வந்து பார்க்கிறார்கள், எதை அமுக்குகிறார்கள் என்று கண்காணிக்கிற ஏற்பாட்டையும் அவள் கேட்டபடியே செய்து கொடுத்தான்.

பணம் கட்டுகிற பட்டன் மட்டும் இன்னும் சோதனையில் நின்றது. பாங்க் பாஸ்புக் நகல் கொடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். பாஸ்புக் பீரோவுக்குள் இருந்தது, பீரோ பூட்டியிருந்தது. அதுவரை பட்டனை அமுக்குகிறவர்களுக்கு, ‘இப்போது பணம் செலுத்த இயலவில்லை, இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அவள் செல் நம்பர் கொட்டை எழுத்தில் வந்தது. அதுவும் அவள் சொல்லித்தான்.

“எத்தினி பேரு அமுக்கிட்டு அமுக்கிட்டுத் திரும்பிப் போறாங்க தெரியுமாங்க?”

“எந்த ஊர்க்காரங்க?”

“ஊரு கெடக்குதுங்க! உங்களுக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா இல்லியா?”

“பண்ணாங்க. பணமெல்லாம் வேண்டாம், அவருக்காகச் சாமிய வேண்டிக்கோங்கன்னு சொன்னேன்.”

வளவன் தலையில் அடித்துக்கொண்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியம்மா நிதானமாகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கஞ்சிப் பாத்திரத்தோடு அவன் பின்னால் வந்து நின்றாள். “அந்த ஸ்கூட்டர் படத்த யாராச்சும் பெருசாக்கிப் பார்த்தாங்களா?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த படம்தான் போட வேண்டும் என்று அவன் சொல்லியும் கேளாமல் அவள் போட வைத்த பழைய படம் அது. இசக்கிமுத்து ஸ்கூட்டர் ஓட்ட, முன்னால் நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் சிரிப்பான். இதைப் பார்த்து எவன் காசு போடுவான் என்று அன்றே அலுத்துக்கொண்டான் வளவன்.

“ஒருத்தரு பாத்துகினே இருக்காருங்க. குஜராத்துல சூரத்து. வராரு, அந்தப் படத்தத் தொறந்து பாக்குறாரு, பட்டன அமுக்குறாரு, போறாரு. மறுபடி வராரு. தோ, இப்பக்கூட உள்ளதான் இருக்காரு. பெரிய கையா இருக்கும்ங்க, வுட்டுடாதீங்க!”

“சூரத்து இங்கேர்ந்து எவ்வளவு தூரம் தம்பி?”

கேட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கீழே வைக்கக் குனிந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது.

வளவன் எழுந்தே விட்டான். அவன் அப்பா காண்ட்ராக்ட் ஆளாக இருந்து, வைத்தியத்துக்குக் காசு தேறாமல் போய்ச் சேர்ந்தவர். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

“இடுப்புலயே வெச்சிக்கினு இத்தினி நாளா என்னை அலைய வுட்டீங்களா? அங்க ஐயா உசுருக்குப் போராடிகினு கெடக்குறாரு, இங்க குடுக்க வரவங்கள நீங்களே தொரத்துறீங்களே, நாயமாங்க இது?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. “ஆபரேஷன் செலவு மொத்தத்தையும் கம்பெனி ஏத்துக்கிச்சு தம்பி. ஊரார் காசு ஒரு ரூபா எனக்கு வேண்டாம்.”

“அப்பறம் எதுக்குங்க இந்தப் பக்கம்?”

“‘ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத பய’ன்னு இவரு அன்னைக்கு ஒரு வார்த்தைய விட்டுட்டாரு தம்பி, அதுல வீட்ட விட்டுப் போன புள்ளதான்…”

செல் அடித்தது. தெரியாத நம்பர். அவள் செல்லை அவனிடம் நீட்டினாள்; வளவன் பச்சையைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

எதிர்முனையில் ஓர் ஆண் குரல்.

“அம்மா… நான்தான். அப்பாவுக்குப் பணம் போக மாட்டேங்குது, உன் அக்கவுன்ட் நம்பரச் சொல்லும்மா.”