நிறைமாதம்

மருத்துவரின் அறையில், அம்மாவின் மடியில் ஐந்து வயது மகள் வாயைப் பிளந்தபடி தூங்குகிறாள். குறட்டை ஏறி ஏறி வந்து சட்டென்று அறுந்துபோகிறது. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கிறது. பிறகு சின்ன உடம்பு தூக்கிப்போட, மூச்சு மறுபடி இழுக்கிறது. “எத்தனாவது மாசத்துல பிறந்தா? மூச்சு இப்படி நிக்கறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்” என்கிறார் மருத்துவர். “நிறைமாசம்தான் டாக்டர். எங்க வம்சத்துலயே குறைப்பிரசவம் கிடையாது” என்று கணவன் இளிக்கிறான். மருத்துவரின் பேனா அதையே எழுதுகிறது. மேசைக்கடியில் அவனுடைய செருப்புக்கால் மனைவியின் பாதத்தை அழுத்துகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு வாரம் கிடந்த பிள்ளை. நாளைக்கு இவளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கௌரவக் குறைச்சலாம். அவள் காலை உருவிக்கொள்கிறாள். “முப்பத்தொரு வாரம், டாக்டர். இவர் சொன்னதை அடிச்சிடுங்க.”