கூடுதலாக ஒரு கேள்வி

“அந்த ஒத்தக் கேள்விய மட்டும் எடுத்துரு மக்கா. இப்பமே கையெழுத்துப் போட்டுத் தாறேன்.”

ஆஸ்பத்திரி மேலாளர் குமாரதாஸ் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே சொன்னார். எதிரே ஜெஸ்பின் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் அவள் தயாரித்த இருபது பக்க அறிக்கை.

இரணியல் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி அது. அங்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரப்போகும் நாகர்கோவில் கம்பெனியில் ஜெஸ்பின் பிசினஸ் அனலிஸ்ட். இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாள். அப்படியென்றால் என்ன வேலை என்று இராஜாக்கமங்கலத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால், “போற எடத்துல எல்லாம் கேள்வி கேக்கணுமாம். அதுக்கும் ஒரு வேல இருக்கு பாத்துக்கிடுங்க” என்று அவள் அம்மா சொல்லிச் சமாளிப்பாள்.

ஆறு மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. “கையெழுத்தோட வந்தா வேல நிரந்தரம். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது” என்று டீம் லீடர் ஷிபு காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஐந்து நாள், டோக்கன் கொடுக்கும் இடத்திலிருந்து மருந்து வாங்கும் இடம்வரை, கையில் கடிகாரத்தோடு நோயாளிகள் பின்னாலேயே நடந்து அவள் எழுதிய அறிக்கை. குமாரதாசுக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

மருந்து கவுண்டரில் இருக்கும் இசபெல், யாராக இருந்தாலும் பொட்டலத்தைக் கையில் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பாள். “டாக்டர்கிட்ட என்னன்னு சொன்னிய?” நம் ஆட்களிடம் அப்படிக் கேட்டுவிட்டால் போதும். வயிற்றுவலியில் தொடங்கி, துபாயில் இருக்கும் மருமகன் போன் பண்ணாதது வரைக்கும் போய்த்தான் திரும்புவார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

“பேரக் கேட்டமா, மருந்தக் குடுத்தமான்னு இருக்கணும். இவ ஊர்க்கத கேட்டுட்டு நிக்கா. டாக்டர்கிட்ட சொன்னத இவகிட்டயும் எதுக்காக்கும் சொல்லணும்?”

“சார், அத மட்டும் எடுக்க வேண்டாம்.”

“ஒரு ஆளுக்கு ஆகுற நாப்பது நிமிசத்த முப்பதாக்கித் தாறோம்னுதானே வந்திய?”

“மத்த எடத்துல எல்லாம் சேத்து ஏழு நிமிசம் கொறச்சிருக்கேன் சார். முப்பத்திமூணுல நிக்கி.”

“நான் கேட்டது முப்பது.”

குமாரதாஸ் கறாரான மனிதர். சொந்தக்காரர் வந்தாலும் டோக்கன் எடுத்து வரிசையில் நில் என்பார். அவர் போன் அடித்தது.

“அம்மா, மாத்திர தின்னியளா? ம்... ஒரு மீட்டிங்குல இருக்கேன். பெறவு விளிக்கேன்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறிக்கையில் ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை ஊன்றினார்.

“இத நீதானே எழுதின? செவ்வாக்கிழம, அம்பத்தேழாம் டோக்கன், அம்பத்திரண்டு நிமிசம்! மருந்து கவுண்டர்ல மட்டும் பதினஞ்சு. நின்ன ஆளுக்குக் காலு கடுத்திருக்காதா?”

ஜெஸ்பினுக்குப் பயமாகத்தான் இருந்தது. ‘சரி சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை அவளுக்கு. ஆனால் அவள் கைப்பையிலிருந்து தன் குறிப்பு நோட்டை எடுத்தாள்.

“அந்த அம்பத்தேழுனாலதான் சார் எடுக்க வேண்டாம்னு சொல்லுகேன். வயசான ஒரு அம்மா. இசபெல் அக்கா கேட்டப்ப முட்டு வலின்னு சொன்னாவ. ஆனா பொட்டலத்துல இருந்தது சுகர் மாத்திரை, கூடின பவர். அன்னைக்கு அதே பேருல ரெண்டு பேரு வந்திருக்காவ. டாக்டர் ரூமுலயே மருந்துச் சீட்டு மாறிப் போச்சு. அக்கா ஒண்ணும் காட்டிக்கிடாம, ‘கொஞ்சம் இரிங்க’ன்னு சொல்லிட்டு உள்ள போயி மாத்திட்டு வந்தா. அதுக்குத்தான் பதினஞ்சு நிமிசம். சுகர் இல்லாதவிய அத ஒரு வாரம் தின்னா...”

குமாரதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?”

“டாக்டர் ரூமுல சீட்டு மாத்திக் குடுத்த பிள்ளைக்கு வேல போயிருமேன்னு அக்கா சொல்லாம விட்டிருக்கா சார்.”

“புது கம்ப்யூட்டர் வந்தா இப்படி மாறாதுல்லா?”

“மாறின சீட்டக் குடுத்தா, மாறின மருந்த அது இன்னும் வெரசா தரும். வலி எங்கன்னு அது கேக்காதுல்லா சார்.”

“அது ஆரு, அந்த அம்பத்தேழு?”

“தெரியாது சார். நோயாளி பேரு எழுதக் கூடாதுன்னு கம்பெனில சொல்லியிருக்கு. நம்பரு மட்டுந்தான் எழுதுவேன்.”

“அஞ்சு நாளுல ஒத்த ஆளு. அதுக்காக மத்த அத்தன பேரும் நிக்கணுமா?” என்று முணுமுணுத்தபடி குமாரதாஸ் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்து, ஐம்பத்தேழு என்று தட்டினார்.

திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தன் வேலை போயிற்று என்றே ஜெஸ்பின் நினைத்தாள். ஷிபுவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டாள்.

அவர் அறிக்கையைப் பக்கத்தில் இழுத்தார். ஒரு வரியையும் அடிக்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் தள்ளினார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார்.

“அம்மா...” குரல் நன்றாக இறங்கியிருந்தது. “செவ்வாக்கிழம மருந்து வாங்கும்போ, அந்த இசபெல்லு உங்ககிட்ட என்ன கேட்டா?”