மோதிரத்தில் இல்லாத பொத்தான்

“ஏனுங்கப்பா, ‘வேண்டாம்’ எங்கீங்க? ‘சரி’ மட்டும்தானே...”

“மோதிரத்துல அதுக்கு எடமில்ல அம்மணி, நான் சொல்றதக் கேளு...”

“எடமில்லீங்களா? பக்கத்துல மயில் ஆடுது!”

“மயிலில்லாம என்ன கல்யாண மோதிரம்?”

பெரிய கம்ப்யூட்டரில் ஓடிய வரன் பார்க்கும் மென்பொருளை விரல் மோதிரத்துக்குள் சுருக்கியவரே நவநீதன்தான். இப்போது அவர் மகள் யாழிசையின் விரலில் ஒரு வரன் அதிர்ந்துகொண்டிருந்தது. ‘சரி’யைத் தொடும்வரை அதிர்வும் நிற்காது, மோதிரமும் கழலாது.

“கம்ப்யூட்டர்ல இருந்தப்பவே அந்த ‘வேண்டாம்’ பொத்தான யாரும் தொட்டதே இல்லியே கண்ணு!”

“கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தது பூரா அப்பனுங்கதானே! எனக்கு இந்தப் பையனப் புடிக்கலீங்க.”

“ஒருக்கா தொட்டுரு. நின்னுரும்.”

அப்போது அவர் போட்டிருந்த அதே மாதிரி மோதிரமும் அதிர்ந்தது. பெண் ‘சரி’ சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையில், மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் இன்றைக்கே வந்து, கல்யாணம் முடியும்வரை இங்கேயே தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். நவநீதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ‘சரி’ இருந்தது. மயில் ஆடியது.

யாழிசை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒருக்கா தொட்டுருங்கப்பா. நின்னுரும்.”