துணைக்கு வரும் அக்கா

“ஒரு செக்கப்கூட விடலையே! யாரும்மா கூட்டிட்டு வர்றாங்க?” என்று கர்ப்பிணியின் அட்டையைப் பார்த்து நர்ஸ் மெச்சினாள்.

மருமகளின் நச்சரிப்பு தாங்காமல் முதன்முறையாகக் கூட வந்திருந்த மாமியாரும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“நீங்க அனுப்புற அக்காதான் மேடம். அத்தை வேலைக்குப் போனதும் வந்து கதவைத் தட்டுவாங்க.”

“நாங்க யாரையும் அனுப்புறதில்லையே!”

“அப்படியா? அவங்களும் மாசமாத்தான் இருக்காங்க, பாவம். கால் வீங்கி, எங்க வீட்டுக்காரர் செருப்பைத்தான் மாட்டிக்கிட்டு வருவாங்க.”

மாமியார் சட்டென்று மருமகளின் கையைப் பிடித்தாள். மகனின் முதல் மனைவியும் அவன் செருப்பைத்தான் போட்டுக்கொண்டாள். “மாசமானா கால் வீங்கத்தான் செய்யும், இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?” என்று அவளை அதட்டி உட்காரவைத்து, வயிற்றுப் பிள்ளையோடு சாகக் கொடுத்தது இந்த மாமியார்தான்.

“வா, வீட்டுக்குப் போகலாம்” என்று எழுந்தாள்.

“இருங்க அத்தை. இன்னைக்கு உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னதே அந்த அக்காதான்.”