மெதுவாக்கித் தாங்க, தம்பி

"இதைக் கொஞ்சம் மெதுவாக்கித் தரணும், தம்பி."

ஸுஹைர் தன் காதை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டான். புக்கிட் பெருவாங்கில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வேண்டுதல்தான். வேகமாக்கணும். மெதுவாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

குஞ்சம்மா பசார் பையில் இருந்த கங்கோங் கீரைக்கட்டை மேசைமேல் எடுத்துவைத்துவிட்டு, அடியில் ஒளித்துவைத்திருந்த லேப்டாப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். சார்ஜர் வயரைக்கூட மறக்காமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸுஹைர் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"இது நளினியோடதாச்சே?"

"என் மருமகதான். கிளினிக்குக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள செஞ்சு குடுத்துருங்க. அவளுக்குத் தெரியவேணாம்."

போன வாரம்தான் அவன் கையாலேயே அதில் கூடுதல் மெமரி போட்டுக் கொடுத்திருந்தான். அதற்கு முன்னால் அதன் லட்சணமே வேறு. ஸ்விட்சைப் போட்டால் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் செத்துப்போய், வயரைச் செருகினால்தான் உயிர் வரும். மெமரி போட்டதும் கண்ணைச் சிமிட்டுவதற்குள் திறந்துகொள்ள, நளினி கடையிலேயே கைதட்டிவிட்டாள். வீட்டிலிருந்தபடியே கோலாலம்பூர் ஆபீசுக்கு வேலை செய்கிற பெண் அவள். "பேட்டரியை அப்புறம் பாத்துக்கலாம்ணே, இப்போதைக்கு இது போதும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

"ஏன்மா, சரியா ஓடலையா?"

"ஓடுதுலா. அதுதான் பிரச்சனையே. நீங்க உள்ள என்னமோ போட்டீங்களாமே, அதைக் கழட்டிருங்க. பழையபடி ஆமையாவே நகரட்டும்."

ஸுஹைருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த அம்மா மருமகளின் குடத்தை உடைக்கவே ஆள் தேடி வந்திருக்கிறார்.

"அதெல்லாம் கழட்ட முடியாதும்மா. நல்லா ஒட்டிக்கிச்சு" என்று கூசாமல் பொய் சொன்னான்.

"போட்ட கையால எடுக்க முடியாதா? நானும் யூடியூப் பாக்கிறவதான், தம்பி." குஞ்சம்மா கைப்பையைத் திறந்து துழாவினார். "உங்களால முடியாட்டி விடுங்க. தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரைக் கையோட கொண்டாந்திருக்கேன். நானே கழட்டிக்கிறேன்."

ஸுஹைர் அவசரமாக லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு வேகமா வேலை செஞ்சா உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"முன்ன அது திறக்கிற வரைக்கும் அவ என் கையில இருந்தா. இப்ப இல்ல."

இது போதாதா அவனுக்கு? வீட்டில் உம்மா சகீனாவுக்கும் மனைவி ஃபாத்திஹாவுக்கும் நடுவே டிவி ரிமோட் படும் பாட்டைத் தினமும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அங்கே திறக்காத வாய் இங்கே திறந்துகொண்டது.

"இது நல்லாயில்லம்மா. மருமகளும் மகதானே? அவங்க முன்னுக்கு வந்தா உங்களுக்கும்தானே பெருமை? இந்தக் காலத்துலயும் இப்படி இருந்தா எப்படி? இருங்க, இப்பவே நளினிக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

சொன்னதோடு நில்லாமல் போனையும் எடுத்துவிட்டான். குஞ்சம்மா எட்டி அந்தப் போனைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. தனக்காக நான் அலையிறேன்னு தெரிஞ்சா வருத்தப்படுவா. அவ மாசமா இருக்கா."

ஸுஹைர் விழித்தான்.

"காலையில ஸ்விட்சைப் போட்டுட்டு, அது சுத்துற நேரத்துலதான் பசியாற உட்காருவா. நானும் ஊர்க்கதை பேசிக்கிட்டே ரெண்டு தோசையை மூணாக்கிருவேன். ஒரு முட்டையும் உள்ள போயிரும். இப்பப் போட்ட உடனே திறந்துக்குது. காதுல மாட்டிக்கிட்டு மீட்டிங்குல உட்கார்ந்தான்னா, 'தோ வர்றேன் அத்தை'ங்கிறதோட சரி. தட்டு காஞ்சுபோயி கிடக்கு. மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படலை. ரத்தம் பத்தலைன்னு கிளினிக்குல போன தடவையே சொல்லிட்டாங்க. நான் வேற என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

ஸுஹைர் மெல்லப் போனைக் கீழே வைத்தான். வெட்கமாக இருந்தது. சற்றுமுன் வாரி வழங்கிய உபதேசத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தான். துண்டில் சுற்றிய வயரைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மெமரி அப்படியே இருக்கட்டும்மா. இதுக்கு வேற வைத்தியம் இருக்கு."

குனிந்து மெதுவாகச் சொன்னான். குஞ்சம்மா சிரித்த சிரிப்பில் கங்கோங் கட்டு மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

மறுநாள் காலை. கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே போன் அடித்தது. நளினிதான்.

"அண்ணே, நேத்து எங்க அத்தை உங்க கடைக்கு வந்தாங்களா? லேப்டாப் இருக்கு, சார்ஜர் வயரைக் காணோம். அது இல்லாம இது திறக்காதே. கேட்டா, 'கடைக்காரத் தம்பியைக் கேளு'ன்னுட்டு அடுப்படியில நின்னு சிரிக்கிறாங்க. எனக்கு மீட்டிங் இருக்குண்ணே. வயர் எங்க?"

ஸுஹைர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல்ல, தட்டு காலியாச்சான்னு சொல்லுங்க."