கல்லில் ஒரு வரி இடம்

“கோழைங்க பேரையெல்லாம் கல்லுல வெட்ட முடியாது, பட்டாளம். பாக்கறவன் காறித் துப்புவான்!”

மரக்கடைக்காரர் சொன்னதும் கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். பட்டாளம் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டாளம் என்று பேர்தானே தவிர, மனிதர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளைக்காரன் நடத்திய பெரிய சண்டைக்கு இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள் யார், எந்தப் படை, என்ன மெடல் என்று தேடித் தேடி வாங்கிய பேர் அது. வீட்டில் ஓடு ஒழுகுவது கண்ணில் படாது. செத்தவன் பட்டாள எண் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

மரக்கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா மெடலைக் கண்டுபிடித்ததும் இவர்தான். வெள்ளிக் கடையில் உருக்குவதற்காகக் குவித்திருந்த பழசுகளில் கிடந்ததை, விளிம்பில் பொறித்த எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து மீட்டுக் கொடுத்தார்.

இப்போது அது முன்வரிசையில், மரக்கடைக்காரரின் அப்பா சட்டையில் தொங்கியது. கண் சரியாகத் தெரியாத கிழவர், அது இருக்கிறதா என்று அடிக்கொரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

கப்பலேறியவர்களுக்கான நினைவுக் கல் சுவரோரம் சாய்ந்திருந்தது. சாக்பீஸால் பேர்கள் எழுதியாயிற்று. நாளைக்கு உளி வைத்துவிடுவார்கள்.

“எங்க கொள்ளுத்தாத்தாவும் இதே ஊருலேர்ந்து கப்பலேறினவர்தாங்க,” என்றார் பட்டாளம். “திரும்பி வரல.”

“எப்படி வருவார்? சுட மாட்டேன்னு துப்பாக்கியைக் கீழ போட்டார், தண்டனையில செத்தார். அது வீரச் சாவா?”

“எதிர்ல நின்னது பொம்பளைங்களும் பிள்ளைங்களும். அதான் சுட மாட்டேன்னுட்டார்.”

“பயந்தவனுக்கு ஆயிரம் சாக்கு! ரெண்டு பேரும் ஒரே கூடாரத்துல படுத்தவங்க. எங்க கொள்ளுத்தாத்தா ஒரே காலையில செஞ்ச வீரத்துக்கு அன்னிக்கே பதவி உயர்வு வாங்கினார். ஒரு சட்டியில தின்னாலும் புலி புலிதான், பூனை பூனைதான்!”

கூட்டம் கைதட்டியது. கிழவர் இன்னொரு தடவை மெடலைத் தடவினார்.

“ஆமா, அந்தக் காலையில என்ன சண்டைன்னு நீங்க இன்னும் சொல்லலியே? திறப்பு விழாவுல நான் பேச வேணாமா?”

பட்டாளம் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிடைக்கலீங்க.”

ஓரமாக நின்றிருந்த கல்தச்சர் தொண்டையைக் கனைத்தார். “ஐயா, அடியில ஒரு வரி இடம் இருக்கு. அவர் பேரையும் போட்டுடலாம். எனக்கொண்ணும் சிரமமில்ல.”

“அந்த இடம் எனக்கு. ‘நிறுவியவர்’னு போட்டு என் பேரைப் பெரிசா வெட்டு.”

அத்தோடு கூட்டம் கலைந்தது.

தெரு திரும்பும்வரை மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

“பின்கதவைப் பூட்டினேனா இல்லையான்னே எனக்கு ஞாபகமில்ல. நீங்க உங்க வாயை மட்டும் நல்லாப் பூட்டிட்டு வந்திருக்கீங்க!”

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

“ஊரான் வீட்டு மெடலை உருக்கற நெருப்பிலேர்ந்து எடுத்துக் குடுத்தீங்களே, சொந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பூனைங்கறான். ரோஷம் வேணாம்? பேர் ஏறலைன்னா உங்க காலத்துக்கு அப்புறம் அப்படி ஒரு மனுஷன் பொறந்ததே யாருக்குத் தெரியும்?”

“தெரியாதுதான்.”

அந்தக் குரல் உடைந்திருந்தது. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அந்தப் பெரியவர் மெடலைத் தடவிட்டே இருந்தாரே, பாத்தியா?”

“பாத்தேன். அதுக்கு?”

“போற வயசு. அந்தச் சந்தோஷத்தோடயே போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் நின்றுவிட்டாள். உருக்கப்போன குவியலில் கிடந்ததையே கண்டுபிடித்த மனிதர் இவர். இவருக்கா கிடைக்காமல் போகும்?

“ஏங்க... அவங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தக் காலையில என்ன சண்டைன்னு நிஜமாவே உங்களுக்குக் கிடைக்கலையா?”

“எப்பவோ கிடைச்சாச்சு.”

“பின்ன ஏன் இல்லேன்னீங்க? என்ன சண்டை அது?”

“சண்டையே நடக்கல. அன்னிக்கு அவர் துப்பாக்கிக்கு எதிர்ல நின்னது, கண்ணைக் கட்டின எங்க கொள்ளுத்தாத்தா மட்டும்தான்.”