லிஸ்டில் நாலாவது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த வால்வு கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் பரசுராமன். சுவரில் அவன் மாட்டியிருந்த சேஃப்டி கோர்ஸ் சர்டிபிகேட் போலி. வெள்ளிக்கிழமை அது மேனேஜர் ஜெயராஜுக்குத் தெரிந்துபோனது.

"திங்கக்கெழம மாக் ட்ரில் முடியட்டும். சாயங்காலம் உன்ன போலீஸ்ல குடுத்துட்றேன்" என்றார் ஜெயராஜ்.

ட்ரில் என்றால் வருஷா வருஷம் தீ விபத்து ஒத்திகைதான். பரசுராமன் இந்த முறை மாற்றினான்: விஷம் குடித்தவருக்கு இதயம் நின்றுபோகிறது. நோயாளி, மேனேஜரே. ஜெயராஜ் மறுக்கவில்லை, நடிப்பு என்றால் அவருக்குக் கொஞ்சம் ஆசை.

ட்ரில்லுக்கு அனுப்பும் ஆம்புலன்ஸில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இன்டர்நெட்டில் கிடைத்த லிஸ்டை எழுத்து மாறாமல் டைப் அடித்து அனுப்பினான்.

திங்கள் காலை, ஜெயராஜ் குடித்த டீயில் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து நிஜமாகவே இருந்தது.

ஜெயராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் நுரை தள்ளியது. சாய்ந்தார்.

"இன்னாமா நடிக்கிறாரு பாரேன்" என்றாள் கேன்டீன் மேரி.

"சோப்பு போட்டுக்கினாரு போலக்கீது" என்றான் ஆபரேட்டர் லோகு. எல்லோரும் கைதட்டினார்கள்.

முதலுதவி செய்ய வேண்டியவன் லோகு. "நெஞ்ச தொட்டுக்கினு மட்டும் இரு, அழுத்தாத. உயிரோட கீற ஆளு" என்றான் பரசுராமன். ட்ரில் விதியும் அதுதான்.

கேட்டிலேயே நின்றிருந்த ஆம்புலன்ஸிலிருந்து டாக்டர் பூமிகா வந்தார். ஜெயராஜின் கழுத்தில் விரல் வைத்தார்.

"இவர் நடிக்கல. நாடி இல்ல. அழுத்துங்க."

லோகுவின் கை பன்னிரண்டு வருஷம் வால்வு திருகிய கை. இரண்டு விலா எலும்பு முறிந்தது. டாக்டர் மூச்சுப்பையை வைத்துக் காற்றடித்தார். ஊசிமேல் ஊசி போட்டார். இருபதாவது நிமிஷம் நாடி திரும்பியது.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பரசுராமனிடம் வந்தார்.

"வெறும் ட்ரில்லுக்கு இந்த ஊசி அம்பது எதுக்குன்னு காலைல சிரிச்சேன், சார். நீங்க எழுதலன்னா வண்டில ரெண்டோ மூணோதான் இருந்திருக்கும். ஆள் போயிருப்பார். எங்க படிச்சீங்க?"

எங்கேயாவது படித்திருந்தால், தான் நாலாவதாக டைப் அடித்த ஊசிதான் அந்த விஷத்துக்கு முறிவு என்று பரசுராமனுக்குத் தெரிந்திருக்கும்.